கத்தி வைக்காத காணி

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.08.2024

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய எண்ணெயை நீங்கள்தான் பூசுகிறீர்களா, அல்லது மதர் அதையும் மடத்துக்குப் பொதுவாக்கிவிட்டாரா? இவர் வழமைபோல் கடலுக்குப் போய் வருகிறார். இந்த மாதம் இறால் பரவாயில்லை.

ஒரு நல்ல செய்தி. நம் பிள்ளை ஷெரோனுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பாசையூர்ப் பிள்ளை, பெயர் சுபாஸ். யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இரண்டு பேரும் இரண்டு வருசமாகக் கதைத்துப் பழகுகிறார்கள் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம். பரவாயில்லை, நல்ல பிள்ளை.

பண்டத்தரிப்புக் காணியை ஷெரோனுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம் என்று இவரும் நானும் யோசித்தோம். அதைக் கேள்விப்பட்ட சுபாஸின் தாய், எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். வந்து என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காணி எண்டு சொன்னியள். அது ஆளில்லாத காணி மாதிரியெல்லோ கிடக்கு. முன்னாலை நிக்கவே பயமாக் கிடக்குது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு காணி பத்தை பிடித்துக் கிடந்தால் ஊர் பத்தையைப் பற்றியா கதைக்கும்? அந்த வீட்டு ஆட்களைப் பற்றித்தானே கதைக்கும்.

அதனால் மண் கிண்டுகிற பெக்கோ ஒன்றைக் கொண்டுபோய் ஒரே நாளில் வழித்துத் துப்புரவாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். காணி உறுதிப் பத்திரம் இப்போது என் பெயரில் இருந்தாலும், அம்மா உங்கள் கலியாணத்துக்கென்று ஒதுக்கி வைத்த காணி அது. வீட்டில் இன்றைக்கும் அதை அக்காவின் காணி என்றுதான் சொல்வோம். நீங்கள் ஒரு சொல் எழுதினால் என் மனம் ஆறும்.

உங்கள் செபத்தில் ஷெரோனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வசந்தினி


மடம்,
15.09.2024

அன்பின் வசந்தினிக்கு,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. முழங்கால் என்னோடு சேர்ந்து முதுமையடைகிறது, வேறொன்றுமில்லை. எண்ணெய் பொதுவாகத்தான் போயிற்று. நம் மடத்தில் முழங்கால் வலியும் பொதுதான்.

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. மாதம் ஒரு கடிதம் என்ற எங்கள் ஒழுங்கு உனக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதக் கடிதம் உன்னுடையது வருமுன்பே வேறொருவருக்குப் போய்விட்டது.

ஷெரோனுக்கு என் ஆசீர். காணியைத் தாராளமாகத் துப்புரவாக்கு. முப்பத்தைந்து வருசமாகத் திரும்பிப் பார்க்காத எனக்கு அதில் என்ன சொல்ல இருக்கிறது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெட்டுவதற்கு முன் அது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. நான் மடத்துக்கு வெளிக்கிட்ட வருசம் அது வெறும் வெள்ளைத் தரை. நினைவிருக்கிறதா? பெண் பார்க்க வருகிறவர்கள் காணியையும் பார்ப்பார்கள் என்று அப்பா தை மாதம் முழுவதும் அங்கே போய் மண்வெட்டியால் செருக்கிக் கூட்டி வைப்பார். ஒரு புல்லை விடமாட்டார். அதில் மரம் நின்று நான் பார்த்ததேயில்லை. பத்தை என்றால் எவ்வளவு பத்தை? எந்த உயரம்? எனக்கு அறிய வேண்டும்.

உன் மனுசன் ஜெயசுதனைக் கடலில் கவனமாக இருக்கச் சொல்.

அக்கா ஜெசிந்தா


குருநகர்,
06.10.2024

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் கண்டு நானும் ஷெரோனும் போன சனிக்கிழமை பண்டத்தரிப்புக்குப் போனோம். அக்கா, பத்தையில் எழுத என்ன இருக்கிறது? ரோட்டுக்கரை முழுவதும் இலந்தையும் காரையும், கையை நீட்டினால் கீறுகிற முள். அதற்கு மேல் ஏதோ கொடி படர்ந்து மூடிக் கிடக்கிறது. அதற்கும் மேல் மரங்களின் தலை தெரிகிறது. பனையளவு உயரமில்லை, ஆனால் ஆள் உயரத்தில் நாலைந்து மடங்கு இருக்கும். ஒன்றும் நேராக நிற்கவில்லை. ஒன்று சாய்ந்து மற்றதில் கிடக்கிறது, காய்ந்ததும் பச்சையும் கலந்து. என் சேலை முள்ளில் மாட்டி அரை முழம் கிழிந்தது. உள்ளே போக வழியில்லை; பாம்பு இருக்குமென்று ஷெரோன் போக விடவும் இல்லை. ரோட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். கடையில் கொடுத்து எடுத்த பிரதியை இதோடு வைக்கிறேன்.

உள்ளதைச் சொல்லுகிறேன், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இராசநாயகம் ஐயாவின் வெங்காயத் தோட்டம் பாத்தி பாத்தியாகக் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி. அதற்குப் பக்கத்தில் நம்முடையது.

அப்பா இருந்தவரை அந்தக் காணிப் பேச்சையும் எடுக்கக்கூடாது, உங்கள் பேச்சையும் எடுக்கக்கூடாது. யாரும் கேட்டால் மூத்தவள் இல்லை என்று சொல்லச் சொல்லுவார். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன். இதை முதல்முறை உங்களைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதழுது சொல்லிவிட்டேன், நீங்களும் மன்னித்துவிட்டீர்கள். காணியைப் பார்த்தவுடன் மறுபடி நினைவு வந்தது. அதுதான் எழுதினேன்.

சுபாஸ் வீட்டார் நத்தார்த் திருநாளுக்குப் பிறகு காணி பார்க்க முறையாக வருகிறார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
வசந்தினி


மடம்,
10.11.2024

அன்பின் வசந்தினிக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. இங்கே மழையும் குளிரும். நான் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன்.

படத்தை மாலைப் பொழுதில் எல்லோருக்கும் காட்டினேன். நீ சிரிக்கப்போகிறாய். ஒரு சகோதரி, இது ஊர்க் குப்பை போடுகிற இடமா என்று கேட்டார். இன்னொருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காடு எங்கே?" என்றார். எங்கள் மடத்துக்கு எதிர்மலையில் பைன் மரம் நிரை நிரையாக நட்டிருக்கிறது. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் என்ன வடிவான காடு என்று புகழுவார்கள். நானும் இத்தனை வருசம் அதைத்தான் காடு என்று நினைத்து யன்னலால் பார்த்திருக்கிறேன். அந்த மலையடியில் பிறந்த ஒரு சகோதரி நேற்றுத்தான் சொன்னார், அதற்குள் ஒரு குருவிகூட கூடு கட்டாதாம்.

வசந்தினி, ரோட்டில் நின்று பார்த்தது போதாது. ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து எழுது. ஏனென்று கேட்காதே. பிறகு பெக்கோ வரட்டும்.

டிசம்பர் முதலாம் திகதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. நத்தார் வரை நாங்கள் எழுதவும் மாட்டோம், வருகிற கடிதங்களை மதர் எடுத்து வைத்து நத்தாருக்குத்தான் தருவார். தவக்காலத்திலும் அப்படித்தான், பாஸ்கா உயிர்ப்புத் திருநாள் வரை. ஆகவே அவசரமென்றால் இந்த மாதமே எழுது.

அக்கா ஜெசிந்தா


குருநகர்,
28.12.2024

அன்பான அக்காவுக்கு,

பாலன் இயேசுவின் பிறப்பு வாழ்த்துக்கள். நாங்கள் சுகம்.

நவம்பரில் எழுத முடியவில்லை, மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நாங்கள் கதிரையில் இருந்தோம். நத்தாருக்கு ஷெரோன் கேக் போட்டாள், நடுவில் இறங்கிவிட்டது, ஆனாலும் ருசி. சுபாஸ் வந்து இரண்டு துண்டு சாப்பிட்டான். நடுச்சாமப் பூசைக்குக் கோவில் நிறைந்த சனம். இவருக்குத் தடிமனும் தும்மலும். உங்களுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நிறம் கறுப்புத்தான், மதர் ஒன்றும் சொல்லமாட்டார்.

வேறு விசேசம் ஒன்றுமில்லை. பிறகு விபரமாக எழுதுகிறேன்.

வசந்தினி


மடம்,
26.01.2025

அன்பின் வசந்தினிக்கு,

புது வருசத்தில் உனக்கும் பிள்ளைக்கும் ஆண்டவர் குறைவில்லாமல் தருவாராக. ஜெயசுதனுக்குத் தடிமன் விட்டதா?

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கேக் இருந்தது, மழை இருந்தது, சால்வை இருந்தது. காணி இல்லை. சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டால் நீ அன்று முழுவதும் வேறு கதைகளாகக் கதைத்துக்கொண்டிருப்பாய். நீ வெட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் நல்லது. உனக்கு ஒரு விசயம் சொல்லாமல் வைத்திருந்தேன், அதைச் சொன்னால்தான் ஏன் நல்லதென்று உனக்கு விளங்கும்.

நான் வெளிக்கிட்ட அன்று அப்பா பஸ் நிலையம் வரை வந்தார். நீங்கள் எல்லோரும் அவர் என்னை ஆசீர்வதிக்க வந்தாரென்று நினைத்தீர்கள். பஸ் வெளிக்கிடும்போது யன்னலுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "உன்ரை வாழ்க்கை கவனிக்காத காணி மாதிரிக் காடு பத்தித்தான் போகும். நான் இருந்து பாக்கிறன்." அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. அந்த வருசத்தோடு அவர் காணியையும் கூட்டுவதை விட்டுவிட்டார் என்று அம்மா எழுதியிருந்தா. சாகும்வரை என்னைப் பார்க்க வரவில்லை. என் கடிதம் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

அதனால்தான் உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவருடைய கோபம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. அறுபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்ட கன்னியாஸ்திரி இப்படி நினைப்பது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஆனாலும் போகவில்லை. அது மறுபடி வெள்ளைத் தரையாகிவிட்டது என்று நீ எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி எழுது.

மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்கு முன் எழுது.

அக்கா ஜெசிந்தா


குருநகர்,
12.03.2025

அன்பான அக்காவுக்கு,

விபூதிப் புதன் கழிந்துவிட்டது. வேண்டுமென்றேதான் கழிய விட்டேன். இதை நீங்கள் பாஸ்காவுக்குத்தான் வாசிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சுகம் விசாரிக்கவும் கை ஓடவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் திகதி பெக்கோவைக் கொண்டுபோனேன். நீங்கள் கேட்டபடி உள்ளே போய்ப் பார்க்கவில்லை. சுபாஸின் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், நாள் போய்க்கொண்டிருந்தது. ரோட்டுப்பக்கம் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு மூன்று பரப்பை வழித்தாயிற்று. பிறகு பக்கத்து எல்லையில் வரிசையாக நின்ற கிளுவை மரங்களில் நாலைந்தைப் பெக்கோ பிடுங்கியபோது, இராசநாயகம் ஐயா தோட்டத்தில் இருந்து மண்வெட்டியோடு ஓடிவந்து முன்னால் நின்றுவிட்டார். பாத்தியில் நின்ற வெள்ளத்தை வடியவிட்டுக்கொண்டிருந்த மனிதர், சேறு காயாத கால். எனக்குக் கோபம். வேலியைத் திருப்பிக் கட்டித் தருகிறேன், விலகுங்கள் என்றேன். அவர் சொன்னதில் அப்பாவின் பேச்சு மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது, மற்றதைச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெக்கோவை ஓட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுப்பிவிட்டேன். அதைத்தான் நத்தார்க் கடிதத்தில் மறைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தனியாகப் போய், அவர் வீட்டில் இருந்து, சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் மனைவி இரத்தினம்மா தேத்தண்ணி தந்தா. அவர் சொன்னார்:

"பிள்ளை, ஆரும் கவனிக்காமல் விட்ட காணி எண்டோ நினைச்சனீர்? கிளுவை தானா வரிசையா முளைக்குமே? அவ்வளவும் உங்கடை அப்பர் நட்ட வேலிக் கதியால். வருசம் வருசம் தைப்பொங்கல் கழிய சைக்கிளிலை வருவார். நாலு பக்கமும் வேலியை அடைச்சு, ஆடு மாடு போகாமல் பாத்துப்போட்டுப் போவார். உள்ளை ஒரு கொப்பை முறிக்கமாட்டார். நான் ஒருக்கா விறகுக்குக் கேட்டனான். 'தம்பி, இது ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளையின்ரை காணி. இதிலை நான் கத்தி வைக்கமாட்டன், வைக்கவும் விடமாட்டன்' எண்டார்."

அக்கா, கோவிலுக்கு நேர்ந்துவிட்டதில் நாங்கள் கை வைப்பதில்லையே, அப்படி வைத்திருக்கிறார். சண்டையால் எல்லோரும் இடம்பெயர்ந்த வருசம் மட்டும்தான் வரவில்லையாம். சாவதற்கு முந்தின வருசம் சைக்கிள் ஓட ஏலாமல் பஸ்ஸில் வந்து, கம்பியை இழுத்துக் கட்ட முடியாமல், இராசநாயகம் ஐயாவைக் கட்டித் தரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றாராம். ஒவ்வொரு தையும் அவர் "சில்லாலைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு நினைவிருக்கிறது. அங்கே இருக்கிற அம்மாவின் ஆட்களைப் பார்க்கப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு நான் உள்ளே போனேன். பெக்கோ கிழித்த பக்கத்தால் போனபடியால் வழி இருந்தது. ரோட்டில் நின்று பார்த்தால் தெரிகிற முள் முழுவதும் ஓரத்தில் மட்டும்தான், வெயில் படுகிற அளவுக்கு. பத்தடி தாண்டினால் முள் இல்லை. தரை முழுவதும் சருகு, நிமிர்ந்து நடக்கலாம். ஒரு பாலை, இரண்டு விளா, ஆத்தி, எண்ண முடியாத வேம்பு. வேம்பில் முசுட்டைக் கொடி ஏறியிருக்கிறது. வறை சமைக்க ஒரு கை இலை பிடுங்கப் போய் விட்டுவிட்டேன். புலுனிக் குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டு என்னைச் சட்டை செய்யவில்லை. செத்ததுபோல் சாய்ந்து கிடந்த மரத்தில் புதுத் தளிர். பங்குனி வெயிலில் ரோட்டுத் தார் ஒட்டுகிறது, உள்ளே நின்ற எனக்கு வியர்வை காய்ந்தது. உங்கள் மடத்துக் கோவிலுக்குள் வந்தபோது ஒரு குளிர் இருந்ததே, அதுதான்.

உங்கள் காணி வெள்ளைத் தரை இல்லை. அப்படி எழுதச் சொன்னீர்கள், என்னால் முடியவில்லை. வெட்டிய மூன்று பரப்புக்கும் என்னை மன்னியுங்கள்.

வசந்தினி


குருநகர்,
05.04.2025

அன்பான அக்காவுக்கு,

இதுவும் மதரின் மேசை லாச்சியில் கிடக்கட்டும்.

நத்தாருக்குப் பிறகு வருவதாக இருந்த சுபாஸ் வீட்டார், நாள் தள்ளித் தள்ளி நேற்றுத்தான் வந்தார்கள். மூன்று பரப்புக்கு மேல் வெட்டமாட்டேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சுபாஸின் தாய் கேட்டார், "அப்ப எங்கடை பிள்ளை பேய்க்காட்டிலையோ வந்து இருக்கிறது? கலியாண வீட்டுக்கு வாற சனம் என்ன நினைக்கும்?" அவர் சொன்னது பிழையென்றும் எனக்குத் தெரியவில்லை. போன வருசம் நானும் அதையேதான் சொன்னேன். தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

ஷெரோன் அந்தக் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். "உங்களுக்கு நான் முக்கியமோ, மரம் முக்கியமோ?" என்று மட்டும் கேட்டாள். அக்கா, ஒரு பிள்ளையின் காணியைக் காக்கப் போய் மற்றப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.  உங்களிடம் கேட்கவும் வழியில்லை.

வசந்தினி


மடம்,
22.04.2025

என் அன்பான வசந்தினிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னோடு இருப்பதாக.

பாஸ்காவுக்கு அடுத்த நாள் மதர் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத் தந்தார். தோட்டத்தில் இருந்து வாசித்தேன். அழுதேன். மத்தியானம் என்னைப் பாத்திரம் கழுவ விடவில்லை. இன்றைக்கு ஒரு கோப்பையாவது உடைப்பாய் என்றார்கள்.

முப்பத்தைந்து வருசம் நான் அவருடைய கோபத்துக்காகச் செபித்தேன். அவர் ஒவ்வொரு தையும் சைக்கிளில் வந்து எனக்கு வேலி அடைத்திருக்கிறார். 

மூன்று பரப்புக்கு வருந்தாதே. ஷெரோனின் வீடு அதில் வரட்டும், அப்பா வேண்டாமென்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் நன்றாகக் கேள்: காட்டால் அந்தக் கலியாணம் தடைப்படுமென்றால், காட்டை வெட்டு. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நீ எழுதிய முள்ளும் சருகும் குளிரும் இனி என்னிடம் இருக்கிறது, அதைப் பெக்கோ ஒன்றும் செய்ய ஏலாது. ஷெரோன் உயிருள்ள பிள்ளை. அவளை அழவிடாதே.

பதில் எழுது. இந்த மாதக் கடிதத்தை முடித்துவிட்டேன், மே வரை காத்திருப்பேன்.

அக்கா ஜெசிந்தா


குருநகர்,
18.05.2025

அன்பான அக்காவுக்கு,

மாதாவின் மாதத்தில் எல்லோரும் சுகம். சால்வை கிடைத்ததா?

உங்கள் கடிதத்தை ஷெரோனிடம் கொடுத்தேன். வாசித்த கையோடு சுபாஸுக்குப் போன் எடுத்தாள். அந்த ஞாயிறு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் காணிக்குப் போய் அளவு நாடா பிடித்திருக்கிறார்கள். திரும்பி வந்த சுபாஸின் கையெல்லாம் முள்ளுக் கீறல். "மாமி, வீட்டுக்கு மூண்டு பரப்புக் காணும். உள்ளை நல்ல குளிர், அம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவம்" என்றான்.

தாய் போனார். உள்ளே வரமாட்டேன் என்று ரோட்டில் குடை பிடித்து நின்றார். பிறகு வெயில் தாங்காமல் வந்தார். அரைமணி இருந்தார். வடிவென்று இன்றுவரை அவர் வாயால் வரவில்லை. ஆவணியில் கலியாணத்தை வைக்கலாம் என்று சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை: ரோட்டில் போகிற சனத்துக்குப் பத்தை தெரியாமல் மதில் கட்ட வேண்டுமாம். சரி என்றேன். நம் வீட்டில் ஒருவர் ஏற்கனவே மதிலுக்குள் நன்றாகத்தானே இருக்கிறார்.

பிடுங்கிய கிளுவைக்குப் பதில் கதியால் நட இராசநாயகம் ஐயா இன்னும் சம்மதிக்கவில்லை. மழை வரட்டும், இப்போது நட்டால் காயும் என்கிறார். ஐப்பசிக்கு நடுவோம். அதுவரை பனைமட்டை வைத்து அடைத்திருக்கிறேன். இனித் தை மாதம் நான்தான் போவேன்.

நேற்று மட்டை கட்டிக்கொண்டு நின்றபோது, பஸ்ஸால் இறங்கி வந்த ஒரு மனிசி நின்று பார்த்துவிட்டுக் கேட்டா, "உது ஆற்றை காணி பிள்ளை? ஆளில்லையோ?"

கையில் இருந்த கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன்.

"என்ரை அக்கான்ரை. அவ இருக்கிறா."

உங்கள் தங்கை,
வசந்தினி